பிறக்கும் முன்பே பொறுப்பு

பிள்ளை பிறந்த பிறகுதான் தகப்பனுக்குச் செலவு தொடங்குகிறதா? நமது சட்டத்தைப் பார்த்தால் அப்படித்தான் எண்ணத் தோன்றுகிறது.

மனைவி, மக்கள், பெற்றோருக்கு ஜீவனாம்சம் தர மறுப்பவர் மீது மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் இருக்கிறது. மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கும் அதில் உரிமை உண்டு. ஆனால் கர்ப்ப காலச் செலவைப் பற்றி அந்தப் பிரிவு தனியாக ஒன்றும் சொல்லவில்லை. மனைவியானால் தனது ஜீவனாம்சத்தோடு சேர்த்துக் கேட்கலாம். மணமாகாத தாயோ, பிள்ளை பிறந்த பிறகே பிள்ளைக்காகக் கேட்க முடியும்.

சொத்து என்று வந்தால் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறக்கும்போது கருவில் இருந்த பிள்ளை, பின்னர் உயிரோடு பிறந்தால் அதற்கும் பங்கு உண்டு. வயிற்றுப் பிள்ளைக்கு நிலத்தில் பங்கு உண்டு, தாயின் மருந்துச் செலவுக்கு வழி இல்லை என்றால், இது என்ன நியாயம்?

பிற நாடுகள் விழித்துக்கொண்டன. மணமாகாத தாய்க்குப் பிரசவத்துக்கு முன் 6 வாரமும் பின் 8 வாரமும் தகப்பன் பராமரிப்புத் தர வேண்டும் என்கிறது ஜெர்மனியின் சட்டம். கர்ப்பம், பிரசவம் ஆகியவற்றின் செலவும் அவன் பொறுப்பே. அமெரிக்காவின் யூட்டா மாநிலம், கர்ப்ப கால மருத்துவச் செலவில் பாதியைத் தகப்பன் ஏற்க வேண்டும் என்று 2021-ல் சட்டம் செய்தது.

நம்மவர் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். மும்பையில் வேலை பார்ப்பவர் வளைகாப்பு முடிந்ததும் மனைவியை ஊருக்கு அனுப்புகிறார்; செலவு மாமனார் தலையில் விழுகிறது. மனமொத்த குடும்பத்தில் இது பாசம். ஆனால் ரெயில் ஏற்றிவிட்டதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடும் கணவர்களும் இருக்கிறார்கள்.

அப்படிக் கைவிடப்பட்டவர் வழக்குக்காக மும்பைக்கு வர வேண்டியதில்லை. தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். ஜீவனாம்சத்தை மனுச் செய்த தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. இடைக்கால மனுவை, எதிர்த் தரப்புக்கு நோட்டீசு சேர்ந்த 60 நாளில் கூடியவரை முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் வாய்தா நீளலாம்; பிரசவ வலி வாய்தா கேட்காது.

ஆகவே 144-வது பிரிவைத் திருத்த வேண்டும். டாக்டர் சான்று கொடுத்த நாளிலிருந்து கர்ப்பச் செலவும் தகப்பனின் கடமை என்று தெளிவாக எழுத வேண்டும். மணமானவள், ஆகாதவள் என்ற பேதம் அதில் கூடாது. தகப்பன் யார் என்பதில் தகராறு வந்தால், பிறந்தபின் சோதனை செய்து முன்செலவையும் வசூலிக்கலாம். பணம் கொடுப்பது, அந்தப் பெண்ணின் முடிவுகளில் தலையிடும் உரிமையாகிவிடக் கூடாது.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்களும் உண்டு. மனைவியை ஊருக்கு அனுப்பியிருக்கும் வாசகர்கள், இம்மாதச் சம்பளத்தில் முதல் செலவாக அதை எடுத்து வைக்கட்டும்.