இழுக்கும் இரும்பும் இடிக்கும் இரும்பும்



மாநாட்டுப் பந்தலை நோக்கி வண்டிகள் வருகின்றன. வரிசை வரிசையாக வருகின்றன. கொடி பறக்கிறது, முழக்கம் எழுகிறது, சாலையின் இருமருங்கிலும் மக்கள் நின்று கையசைக்கிறார்கள். எல்லாம் சரி! அந்த வண்டிகளின் முகத்தைப் பார்த்தீர்களா? மூக்குக்கு முன்னே முழ உயரத்துக்கு இரும்பு! முறுக்கிய மீசை போல் வளைந்த கம்பி! அதன் நடுவே ஓர் உருளை. உருளையிலே சுற்றிய எஃகு வடம். வடத்தின் நுனியிலே சிவப்புக் கொக்கி! சாய்ந்து கிடக்கும் தேரை இழுத்து நிறுத்தப் புறப்பட்டவரோ என எண்ணத் தோன்றும். விசாரித்தால், வண்டி தார்ச்சாலையை விட்டு ஒருநாளும் இறங்கியதில்லை. வடம் ஒருமுறையும் அவிழ்ந்ததில்லை. சிலவற்றில் அந்த உருளையே பொம்மை. உள்ளே மோட்டார் கிடையாது!

வின்ச் என்னும் கருவியைப் பழிக்க நான் வரவில்லை. அது உழைப்பாளியின் கருவி. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இராணுவம் கழித்துப்போட்ட ஜீப்புகள் அமெரிக்க நாட்டுக் காடுகளிலும் பண்ணைகளிலும் பணிபுரியத் தொடங்கின. அந்த ஜீப்புகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்வதற்காக 1948-ல் ஆர்தர் வார்ன் என்பவர் தொடங்கிய நிறுவனம், 1959-ல் மின்சாரத்தால் சுழலும் வின்சைக் காடுசுற்றும் வண்டிக்காரர்களின் கைக்குக் கொண்டு வந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1975-ல் பிறந்த ஏஆர்பி நிறுவனமோ, முகப்பு இரும்பையே தன் தொழிலாகக் கொண்டது. அங்கே அதற்கு நியாயம் உண்டு. இரவிலே கங்காரு குறுக்கே பாயும்; வேலியற்ற வெளியிலே மாடு படுத்திருக்கும்; மோதி ரேடியேட்டர் உடைந்தால், உதவிக்கு ஆள் வர நூற்றுக்கணக்கான மைல் கடக்க வேண்டும். பாலையிலே தனித்து நிற்பவனுக்கு அந்த இரும்பு உயிர்த்துணை. நம் கடைவீதியிலே எந்தக் கங்காருவைக் கண்டோம்?

அந்தப் பம்பரைப் பொருத்துவதும் எளிய வேலையன்று. நாடகக்காரனுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பீர்கள். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பட்டறைத் தோழர்களிடம் கற்றதே அதிகம். மேலும், மேடைத் திரையை ஏற்றியிறக்கும் கப்பியோடும் கயிற்றோடும் பழகியவனுக்கு, இழுவிசை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் கம்பெனி தந்த பிளாஸ்டிக் பம்பரைக் கழற்ற வேண்டும். அதன் உள்ளே நுரைக்கட்டை இருக்கும். அதற்கும் பின்னால் குறுக்குச் சட்டம் இருக்கும். புதிய இரும்புப் பம்பரை வண்டியின் தகரத்தோடு இணைத்தால் போதாது. சேசிஸின் நீண்ட இரு சட்டங்களோடு தடித்த போல்ட் கொண்டு இறுக்க வேண்டும். இழுக்கும்போது பிறக்கும் விசை முழுவதையும் தாங்கப்போவது அந்தச் சட்டங்களே. சுமையோடு சேர்ந்த வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது கணக்கு. எனவேதான் 9,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4,300 கிலோ இழுக்கும் வின்சுகள் மிகுதியாக விற்கின்றன. அந்த அளவும் உருளையில் வடம் ஒரே அடுக்காய் இருக்கும்போது மட்டுமே கிட்டும். அடுக்கு ஏற ஏற வலிமை இறங்கும். வேலை செய்யும்போது அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைக் குடிக்கும்; மெல்லிய ஒயர் தீப்பற்றிவிடும். பம்பரும் வின்சும் சேர்ந்தால் நூறு கிலோ அளவுக்கும் போகலாம். அத்தனையும் முன்சக்கரத்துக்கும் முன்னால் தொங்கும். ஸ்பிரிங் அமுங்கும், விளக்கின் வெளிச்சம் திசை மாறும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் பழைய பிரேக்காக, பழைய ஸ்டியரிங்காக இரா.

வடத்தின் கதை இன்னும் கொடியது. இழுபடும் எஃகு வடம் அறுந்தால் சாட்டையாய்ச் சுழலும். எதிர்ப்பட்ட ஆளை வெட்டும். அறிந்தவர்கள் அதன்மேல் கனத்த கம்பளியைப் போர்த்துவார்கள். எவரையும் அருகே நிற்கவிட மாட்டார்கள். மரத்தில் கட்டினால் பட்டை உரியாதிருக்க அகன்ற நாடாவைச் சுற்றுவார்கள். மரத்தின் பட்டைக்குக்கூட இரங்குகிறது அந்தத் தொழில்!

நம் ஊர் இரும்போ மனிதனின் எலும்புக்கு இரங்காது. இன்றைய வண்டியின் முகப்பு நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அது நசுங்குகிறது, மோதலின் வேகத்தை விழுங்குகிறது, உள்ளே இருப்பவன் பிழைக்கிறான். வேகம் எவ்வளவு சடுதியில் குறைகிறது என்பதை உணர்கருவி அளந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் காற்றுப்பையை விரிக்கிறது. இரும்புக் கம்பியைச் சேசிஸில் இறுக்கிவிட்டால், நசுங்க வேண்டியது நசுங்காது. அளக்க வேண்டிய கருவி தவறாய் அளக்கும். பை விரியாமல் போகலாம், அல்லது விரியக்கூடாத வேளையில் விரியலாம். எதிரே நடந்து வந்தவன் கதி? வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக வளையாத இரும்பு அவன் இடுப்பில் மோதும். சிறுவனாக இருந்தால் தலையில்!

ஒரு சிறு காட்சி. இடம்: பட்டறை. பாத்திரங்கள்: ஒன்றியச் செயலாளர், பட்டறைக்காரர்.

"அண்ணே, இதை மாட்டினால் காற்றுப்பை வேலை செய்யாமல் போகலாம்!"

"போகட்டுமே! முன்னால்தான் இத்தனை இரும்பு இருக்கிறதே, எனக்கு என்ன ஆகும்?"

"இரும்புக்கு ஒன்றும் ஆகாது அண்ணே. அடி நேரே உள்ளே வந்துவிடும்."

"சரி சரி, வின்சை மறந்துவிடாதே!"

"வின்சா? அண்ணன் எந்தக் காட்டுக்குப் புறப்பட்டிருக்கிறீர்கள்?"

"காட்டுக்கா? கல்யாணத்துக்கப்பா!"

சிரிக்கிறீர்கள். சிரிப்போடு ஒரு கணக்கையும் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்கிறது அரசின் அறிக்கை. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். அவர் யார்? சந்தைக்குப் போன கிழவி; ஆலை வேலை முடிந்து திரும்பிய தொழிலாளி; பள்ளிக்குப் போன பிள்ளை. நம் கொடியைக் கண்டதும் ஓரத்தில் நின்று கையசைக்கிறாரே, அவரே! அவரிடம் வாக்குக் கேட்டுப் போகிற வண்டி, அவர் விலாவுக்கு நேரே இரும்பை நீட்டிக்கொண்டா போவது?

ஐரோப்பிய நாடுகள் 2005-லேயே இத்தகைய முன்கம்பிகளுக்குத் தனிச் சோதனை விதித்து, நடந்து செல்வோரைக் காக்கும் அளவுகளை வகுத்தன. நம் நாட்டில் 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி, இவை கூடா என மாநிலங்களுக்கு எழுதிற்று. 2019-ல் வந்த திருத்தச் சட்டம், சட்டம் அனுமதியாதபடி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றது. முன்கம்பித் தடை செல்லும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றமும் கூறிற்று.

"டில்லி போட்ட தடைக்கு நாம் ஏன் தலைவணங்க வேண்டும்?" என்று மார்தட்டும் தோழர்களும் நம்மிடையே உண்டு. டில்லியோடு வாதாட நமக்கு எத்தனையோ வழக்குகள் இருக்கின்றன. நிதிப் பங்கீடு இருக்கிறது, மொழி இருக்கிறது, உரிமை இருக்கிறது. அந்த வரிசையில் பம்பரையும் கொண்டுபோய் நிறுத்தினால், பகைவன் கைகொட்டிச் சிரிப்பான். போலீஸ்காரர் தம் வண்டியை நிறுத்த மாட்டார் என்னும் துணிவிலே இரும்பை மாட்டுகிறாரே, அவரைப் பற்றித்தான் என் கவலை. அபராதச் சீட்டு ஆட்டோ ஓட்டும் தோழருக்கு, விலக்கு நமக்கா? கொடி கட்டிய வண்டிக்குத் தனிச் சட்டம் என்று எந்தப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம்?

இழுக்கும் ஆற்றல் வேண்டுமா? வேண்டும்! 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளைச் சூறையாடியபோது, இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. சாலைகளை அடைத்துக் கிடந்த மரங்களை அகற்றினால்தான் பால் வண்டி ஊருக்குள் நுழையும் என்ற நிலை. அத்தகைய நாளில் வேண்டியது கை வின்ச். நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளினால் வடம் அங்குலம் அங்குலமாய் நகரும். இருவர் இருந்தால் மரம் அசையும். வண்டியில் எதையும் கழற்ற வேண்டாம், எதையும் பொருத்த வேண்டாம். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் கிடக்கும். அதனோடு ஒரு கப்பி வைத்துக்கொண்டால் இழுக்கும் வலிமை ஏறத்தாழ இரட்டிக்கும். அகன்ற நாடா ஒன்று, கனத்த கம்பளி ஒன்று, மரம் அறுக்கும் இரம்பம் ஒன்று, தோல் கையுறை இரண்டு சோடி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒன்றியத்துக்கு ஒரு வண்டி இப்படிச் சித்தமாகட்டும். கையாளக் கற்றுத்தர, மரம் ஏற்றும் லாரிப் பேட்டைகளிலே கைதேர்ந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

முன்னால் நிற்கும் இரும்பைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள். வருகிற பணம் கப்பிக்கும் நாடாவுக்கும் ஆகும். பட்டறைக்குப் போகும்போது பழைய பிளாஸ்டிக் பம்பரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், அதனுள் இருந்த நுரைக்கட்டையையும் தேடி எடுத்துச் செல்லுங்கள்; பரணிலோ கொட்டகையிலோ போட்டிருப்பீர்கள். குறுக்குச் சட்டத்தையும் அறுத்து எறிந்திருந்தால், கம்பெனிக் கடையிலேயே புதிதாய்க் கேட்டு வாங்குங்கள்.