தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சின்ன வயதில் அடம் பிடித்தால் நம் வீடுகளில் ஒன்று சொல்வார்கள் நண்பர்களே, "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்!" கொஞ்சம் அழுதுவிட்டு மறந்து போவோம். அந்த வார்த்தை நிஜமாகவே பொருந்திய ஒருவன் எங்கள் தெருவில் இருந்தான். என்னோடு பத்தாவது வரை படித்தவன். பிள்ளையில்லாத சித்திக்கு மூணாம் மாசமே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பெற்றவளும் அதே தெருதான். அவளைப் "பெரியம்மா" என்று கூப்பிட்டே வளர்ந்தான். ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. குழாயடியில் ஒருநாள் குடச் சண்டை. ஒரு கிழவி வாயிலிருந்து உண்மை விழுந்தது. ரெண்டு நாள் எந்த வீட்டிலும் அவன் சாப்பிடவில்லை. "கொடுத்ததுகூட வருத்தமில்லடா, எல்லாரும் சேந்து ஏமாத்திட்டாங்க" என்றான்.

இதற்கு நேர் எதிர் தொட்டில் குழந்தை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அங்கே பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்ததை 1980களில் நாடே பேசியது. 1992-ல் சேலத்தில் அரசு தொட்டில் வைத்தது. 2001-ல் நம் தேனிக்கும், மதுரை, திண்டுக்கல், தருமபுரிக்கும் வந்தது. பேர் சொல்லாமல் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் அதன் உயிரே. அமெரிக்காவில் பெற்றவள் கடிதம் போடுகிறாள், போட்டோ வாங்கிக்கொள்கிறாள், நேரில் வந்தும் பார்க்கிறாள். இங்கேயும் அப்படித் திறந்து வைக்கலாமே என்றால் எனக்குச் சம்மதமில்லை. பேர் கேட்டால் அந்தத் தாய் தொட்டில் பக்கமே வரமாட்டாள். கள்ளிச் செடிக்கா நம் பக்கம் பஞ்சம்?

ஆனால் பெற்றவள் பேரை மறைப்பது வேறு, தத்து என்பதையே பிள்ளையிடம் மறைப்பது வேறு. 1956-ம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டம் பிறந்த வீட்டு உறவை அறுத்துவிடுகிறது. ஆனாலும், அந்த வீட்டில் இருந்திருந்தால் யாரைக் கட்டக்கூடாதோ அவர்களை இப்போதும் கட்டக்கூடாது என்கிறது. தான் தத்து என்றே தெரியாதவன் அதை எப்படிப் பார்ப்பான்? மாமன் மகள், அத்தை மகள் என்று முறை பார்த்தே கல்யாணம் பேசுகிற ஊர் இது!

காப்பகம் வழியாகப் போன பிள்ளைகளுக்கு 2022 தத்தெடுப்பு விதிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. பதினெட்டு வயதானால் தன் வேரைத் தேடித் தானே மனுப் போடலாம். ஒப்படைக்கும்போதே தாய் தன் பேரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருந்தால் அவள் சம்மதம் வேண்டும். அவள் மறுத்தாலும், எந்த நிலைமையில் கொடுத்தாள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் தத்து என்று தெரிந்தவன்தானே மனுவே போடுவான்?

"விவரம் தெரிஞ்சா பிள்ளை ஒட்டாது" என்பார்கள் பெரியவர்கள். என் நண்பன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாசாமாசம் பணம் வளர்த்த அம்மாவுக்குத்தான் வருகிறது. பெற்றவளைத்தான் இன்னும் எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. போன தீபாவளிக்கு அவன் வந்தபோது அவள் வாசலில் நின்று பார்த்தாள். இவன் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனான்.