மருந்து என்ன தீர்த்தமா?

ஜுரம் கண்ட குழந்தையை மந்திரிக்கிறவனிடமும், தாயத்துக் கட்டுகிறவனிடமும் மாத்திரமே தூக்கிக்கொண்டு ஓடிய காலம் பெரிதும் மாறி, இன்று பட்டிக்காட்டு ஜனங்களும் ஆஸ்பத்திரியைத் தேடிப் போகிற அளவுக்கு அறிவு வளர்ந்திருக்கிறது என்பதில் நமக்கு மிகுந்த மகிழ்ச்சியே. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த மருந்தை நம் மக்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால், கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டு வந்தவர்கள் அதை எப்படி நடத்துவார்களோ அப்படியே நடத்துகிறார்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதற்கு வருந்துகிறோம்.

தீர்த்தத்திற்கு அளவு என்பது கிடையாது. அர்ச்சகர் உத்தரணியில் எடுத்து ஊற்றுவது அதிகமானாலும் குறைவானாலும் ‘புண்ணியம்’ ஒன்றுதான். கெட்டுப்போகிற தேதியும் அதற்குக் கிடையாது. காசியிலிருந்து செம்பில் அடைத்து வந்த கங்கைத் தண்ணீர் தாத்தா காலம் தொட்டுப் பேரன் காலம் வரையில் அலமாரியில் இருக்கும். ஒருவருக்கென்று கொண்டு வந்ததை வீட்டிலுள்ள அத்தனை பேர் வாயிலும் சொட்டு சொட்டாக விடலாம். பலித்தால் சாமியின் மகிமை, பலிக்காவிட்டால் தலைவிதி. இந்த இலட்சணங்களை எல்லாம் ஒன்றுவிடாமல், குழந்தைகளுக்குக் கொடுக்கும் பென்சிலின் வகைத் தண்ணீர் மருந்தின்மேல் ஏற்றிவிட்டிருக்கிறோமே, இதற்கு என்ன பெயர்?

நாம் இங்கு சொல்லுவது அமாக்சிசில்லின் என்னும் மருந்தைப் பற்றி. அது பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. தொண்டைப் புண், காதில் சீழ், நிமோனியா முதலியவை பாக்டீரியா என்னும் கிருமியால் வந்திருப்பதாக வைத்தியர் கருதினால் இதைக் கொடுக்கச் சொல்லுகிறார். பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டு வாழ்வது. அது வளரும்போதும், ஒன்று இரண்டாகப் பிரியும்போதும் அந்தச் சுவரைப் புதிதாகக் கட்டியாக வேண்டும். பென்சிலின் அந்தக் கட்டட வேலையைத் தடுத்துவிடுகிறது. சுவர் பலமிழந்து கிருமி வெடித்துச் சாகிறது. நம் உடம்பின் அணுக்களுக்கு அம்மாதிரிச் சுவர் இல்லாததால் குழந்தைக்கு அந்தக் கேடு வருவதில்லை. சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்லை. ஆகவே ஜலதோஷத்திற்கு இம்மருந்தைக் கொடுப்பதும், நெற்றியில் திருநீறு பூசுவதும் பலனில் ஒன்றேதான். ‘டாக்டர் ஒன்றும் எழுதித் தரவில்லை’ என்று அவரைக் குறை கூறிக்கொண்டு, சீட்டில்லாமல் மருந்துக்கடையில் இதை வாங்கிக் கொடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சீட்டில்லாமல் இதை விற்பது சட்டவிரோதம் என்பதைக் கடைக்காரர்களும் யோசிக்க வேண்டும்.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது? எந்த ரிஷியும் தவம் செய்து வரமாகப் பெற்றதல்ல. 1928-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் அலெக்சாண்டர் பிளெமிங் என்பவர் விடுமுறை கழிந்து திரும்பி வந்து, கிருமி வளர்த்து வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தார். ஒன்றில் பூசணம் பிடித்திருந்தது. நம் வீடுகளில் பூசணம் பிடித்த பண்டத்தை மூதேவி என்று சொல்லித் தெருவில் எறிவோம். அவரோ, பூசணத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்து போயிருந்ததைக் கண்டு ‘ஏன்?’ என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் மூலதனம். பிறகு ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீட்லி முதலியவர்கள் பூசணத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 1943-ல் அமெரிக்காவில் பியோரியா என்ற ஊரில் பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து இன்னும் அதிகமாகப் பென்சிலின் தரும் பூசணம் கிடைத்தது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு, ‘எங்கள் சாஸ்திரத்தில் முன்பே இருக்கிறது’ என்று யாராவது வருவார்களானால், 1928-க்கு முன்பு அதை ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று நம் தோழர்கள் கேட்டால் போதும்.

இதில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொன்று. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுள்ள போலீஸ்காரருக்கு முகமெல்லாம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையும் எடுக்க வேண்டியதாகி, சாகும் தறுவாயில் இருந்தார். அவருக்கு இந்தப் புது மருந்தை ஊசி மூலம் செலுத்தினார்கள். ஜுரம் தணிந்தது. பசி எடுத்தது. முகத்து வீக்கம் வடிந்தது. ஆனால் உலகத்திலிருந்த மருந்தே அவ்வளவுதான். அவருடைய மூத்திரத்தைச் சேகரித்து, அதில் வெளியேறிய மருந்தை மறுபடியும் பிரித்தெடுத்து அவருக்கே செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. கிருமிகள் மீண்டும் தலையெடுத்தன. மார்ச்சு மாதத்தில் அவர் செத்தார். அந்த மனிதர் மருந்து தீர்ந்துபோனதால் செத்தார். நம் வீடுகளிலோ அதே குடும்பத்து மருந்து பாதிப் புட்டி அலமாரியில் இருக்கும்போதே, மூன்றாம் நாள் ஜுரம் தணிந்தது என்று நிறுத்திவிடுகிறோம். ‘பிள்ளைக்கு உடம்பு சூடு, இதற்குமேல் வேண்டாம்’ என்று பாட்டி சொல்லுவார். ‘சமயபுரத்தாளுக்கு முடிந்து வைத்த காசுதான் காப்பாற்றியது’ என்று அத்தை சொல்லுவார். மருந்து செய்த வேலைக்குக் கூலி மஞ்சள் துணியில் முடிந்திருக்கும் காசுக்குப் போய்விடும்!

ஜுரம் தணிவது கிருமிகளில் பெரும்பாலானவை செத்ததற்கு அடையாளமேயல்லாமல், எல்லாம் ஒழிந்ததற்கு அத்தாட்சியல்ல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் கிருமி முற்றும் ஒழியாவிட்டால், சில குழந்தைகளுக்குச் சில வாரங்கள் கழித்து மூட்டுகள் வீங்கி, ருமாட்டிக் ஜுரம் என்பது வந்து, இருதயத்தின் வால்வுகளே கெட்டுப்போகும். அதற்காகத்தான் அந்த நோய்க்கு 10 நாள் கொடுக்கச் சொல்லுகிறார்கள். வேறு சில நோய்களுக்கு 5 நாளே போதும். எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டுமேயல்லாமல் பாட்டியும் பஞ்சாங்கமும் சொல்ல முடியாது. அன்றியும் அரைகுறை அளவில் கொடுத்தால், பலமில்லாத கிருமிகள் செத்து, மருந்தைத் தாங்கக்கூடியவை பிழைத்துப் பெருகும். பிளெமிங் 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது செய்த சொற்பொழிவிலேயே இந்த அபாயத்தை எச்சரித்தார். அப்படிப் பெருகிய கிருமி ஜாதி பார்க்காது, தெரு பார்க்காது. அக்கிரகாரத்துக் குழந்தையையும் சேரிக் குழந்தையையும் ஒன்றாகவே பிடிக்கும். அப்போது இந்த மருந்து எவருக்கும் உதவாது.

நிற்க, அளவைப் பற்றி. இம்மருந்து கடையில் புட்டியின் அடியில் பொடியாகவே கிடைக்கும். முதலில் புட்டியைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொண்டு, காய்ச்சி நன்றாக ஆறவைத்த தண்ணீரையோ, கூடவே கொடுத்திருந்தால் அந்தத் தண்ணீரையோ, புட்டியில் போட்டிருக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் மருந்து நீர்த்துப்போகும். குறைத்து ஊற்றினால் ஒவ்வொரு வேளையும் அதிகமாகும். பொடி அடியில் தங்கிவிடுமாதலால் ஒவ்வொரு வேளையும் குலுக்கியே எடுக்க வேண்டும். குலுக்காமல் கொடுக்கிறவர்கள் முதல் நாட்களில் வெறுந்தண்ணீரையும் கடைசி நாட்களில் மருந்தின் கட்டியையும் கொடுக்கிறார்கள்.

‘ஒரு ஸ்பூன்’ என்பதும் ஓர் அளவல்ல. நம் அடுப்பங்கரைச் சிறு கரண்டிகளில் 3 மி.லி. பிடிப்பதும் உண்டு, 7 மி.லி. பிடிப்பதும் உண்டு. புட்டியோடு வரும் அளவு மூடியையோ, ஊசியில்லாத சிரிஞ்சையோதான் உபயோகிக்க வேண்டும். இன்னும் ஒன்று. இம்மருந்து 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ளதாகவும், 250 மி.கி. உள்ளதாகவும் விற்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருப்பதும் உண்டு. சீட்டில் ஒன்று எழுதியிருக்க, கடையில் வேறொன்று கொடுத்தால் குழந்தைக்கு இரட்டிப்போ, நான்கு மடங்கோ போய்ச் சேரும். ஆகவே சீட்டையும் புட்டியையும் பக்கத்தில் வைத்து எண்களை ஒத்துப்பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

குழந்தையைப் படுக்கவைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கில் ஊற்றுகிற கொடுமையையும் விட்டொழிக்க வேண்டும். மருந்து மூச்சுக் குழாயில் போய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்துக் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட்டால் போதும்.

வேளை விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் சிரத்தை வேடிக்கையானது. மூன்று வேளை என்று எழுதினால் ஏறக்குறைய 8 மணிக்கு ஒரு தரம் என்று அர்த்தம். திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலம் என்று முதல் வேளை மருந்தைத் தள்ளிவைக்கிறவர்களைக் கேட்கிறோம்: ராகுகாலத்தில் கிருமிகள் பெருகாமல் சும்மா இருக்கின்றனவா? ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்தவுடன் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

கலக்கிய மருந்துக்கு ஆயுள் உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் பல புட்டிகளில் 7 நாள் என்றே போட்டிருக்கிறது. 10 நாள் கொடுக்க வேண்டுமானால் இரண்டாவது புட்டியை முன்னதாகவே கலக்கிவிடாமல், வேண்டியபோது கலக்க வேண்டும். பிரிட்ஜில் வைக்கும்படி எழுதியிருந்தால் அதில் வைப்பதும், பனிக்கட்டியாக உறையும் அறையில் வைக்காமலிருப்பதும் அவசியம். கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்துக்குக் குளிர்ச்சி மிகவும் அவசியமாதலால், பிரிட்ஜ் இல்லாதவர்கள் அதை வெட்கப்படாமல் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். மிஞ்சியதை அடுத்த ஜுரத்திற்கென்றோ, தம்பிக்கென்றோ, பக்கத்து வீட்டுக்கென்றோ எடுத்து வைப்பது தீர்த்த புத்தியே தவிர வேறல்ல. அளவு குழந்தையின் எடைக்குத் தக்கபடி போடப்பட்டது.

இம்மருந்து சிலருக்கு ஒவ்வாது. முன்பு பென்சிலின் வகை மருந்தால் தடிப்பு வந்திருந்தால், வைத்தியர் கேளாவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். வயிறு கொஞ்சம் இளகுவது சாதாரணம். பேதி அதிகமானாலும் ரத்தம் கண்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மருந்து கொடுத்தபின் உடம்பில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பினாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ அடுத்த வேளை கொடுக்கவே கூடாது. வீக்கமும் திணறலும் கண்டால் உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ‘ஆத்தா வந்துவிட்டாள்’ என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டு வீட்டோடு இருந்தால், அது குழந்தையைக் கொல்வதே ஆகும். மாரியாத்தாளின் பெரிய உத்தியோகமாயிருந்த பெரியம்மையே உலகத்தில் ஒழிந்துவிட்டதென்று 1980-ல் அறிவித்தாகிவிட்டது. ஒழித்தது அம்மை குத்துதலேயல்லாமல் கூழ் ஊற்றுதலல்ல.

கடைசியாக, இதற்கெல்லாம் தாய்மார்களையே குற்றவாளியாக்குகிற ஆண்பிள்ளைத்தனத்தையும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். சீட்டை வாங்குகிறவன் தகப்பன், வைத்தியர் விளக்கம் சொல்லுவதும் அவனிடம், ஆனால் இரவு இரண்டு மணிக்கு மருந்தை அளக்கிறவள் தாய். புட்டியின்மேல் அச்சடித்திருப்பதோ பெரும்பாலும் எறும்புபோன்ற இங்கிலீஷ் எழுத்து. சமஸ்கிருத மந்திரத்தை அர்த்தம் தெரியாமல் கேட்டுத் தலையாட்டியதற்கும், இதற்கும் என்ன வித்தியாசம்? தமிழ்நாட்டுத் தாய்க்குக் கொடுக்கும் மருந்தில் தமிழில் எழுதக் கூடாது என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. அது வருகிற வரையில் ஒன்று செய்யலாம். வைத்தியரிடம் தாயையும் உடன் அழைத்துப் போய், எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு, எத்தனை நாள், எந்தத் தேதியில் கொட்டிவிடுவது என்ற நான்கையும் கேட்க வேண்டும். வைத்தியர் முகம் சுளித்தாலும் கேட்க வேண்டும். கேட்டதைக் கடைக்காரரிடம் சொல்லித் தமிழில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதச் செய்து, அதைப் புட்டியின்மீது ஒட்டி, அளவு மூடியில் கொடுக்க வேண்டிய இடத்தில் மையால் ஒரு கோடும் போட்டு வாங்கிவர வேண்டும்.