ஜீப்பின் உயர்ந்த நெற்றி

பழைய ஜீப் வண்டிக்கு நெற்றி ஏன் அவ்வளவு உயரம் என்று, நமது சங்கத்துச் சிறுவன் ஒருவன் சென்ற மாதம் வினவினான். அழகுக்காக என்று சொல்லி நழுவப் பார்த்தோம், அவன் விடவில்லை.

1940-இல் அமெரிக்கப் படையினர், நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டியொன்றைக் கோரினர். முதலில் விதித்த 1,300 பவுண்டு எடை நடவாத காரியம். பின்னர் 2,160 பவுண்டாகத் தளர்த்தினர். வில்லீஸ் நிறுவனத்தாரின் மாதிரி அதனையும் மீறிற்று. 60 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினைக் கைவிடத் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் இசையவில்லை. போல்ட்டுகளின் நீளத்தைக் குறைத்தார். வர்ணத்தையும் ஒரே பூச்சோடு நிறுத்தினார். பார்சல் தராசின் அருகே காலம் கழிக்கும் நாம், வர்ணத்துக்கு எடை உண்டென்று அன்றுவரை எண்ணியதில்லை!

அந்த எஞ்சினுக்குப் பின்னர் வலுவூட்டினர். உள்ளிழுக்கும் வால்வுகளை மேலே ஏற்றினர். வெளியேற்றும் வால்வுகள் பழைய இடத்திலேயே நின்றன. திறன் மிகுந்தது, எஞ்சினின் உயரமும் மிகுந்தது. பழைய மூடிக்குள் அது அடங்கவில்லை. ஆகவே 1953-இல் வந்த சி.ஜே. 3பி வண்டிக்கு மூடியையும் முகப்பையும் உயர்த்தினர். சிறுவன் கண்ட நெற்றி அதுவே.

1940-களின் இறுதியிலேயே பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா நிறுவனத்தார், இவ்வடிவத்தையும் இங்கே செய்தனர். அமெரிக்காவில் அது 1968-இல் நின்றது. இங்கோ, டீசல் எஞ்சின் புகுந்த பின்னரும் அந்த நெற்றி தாழவில்லை.

இவ்வளவும் கேட்ட சிறுவன், வால்வு என்றால் என்னவென்று கேட்டான். அது அடுத்த இதழுக்கு.