சர்வரின் அமைப்புகளை மாற்றுவதும் ஆய்வுப் பணியே

கடந்த கோடையில், ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் எங்கள் ஆய்வகத்தின் சர்வர் தவறான தேதியைக் காட்டத் தொடங்கியது. தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தையும், பல பலகைகளில் பயாஸ் அமைப்புகளையும் காத்து நிற்பது அந்தச் சிறு வில்லைதான். ஒரு மாலையில் நாங்கள் அதை மாற்றினோம். மீண்டும் இயக்கியபோது, இயக்குதளம் உள்ள வட்டு எதுவும் இல்லை என்றது கணினி.

நடந்தது எளிமையானது. பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் அமைப்புகள் அனைத்தும் தொழிற்சாலையில் வைக்கப்பட்ட நிலைக்குத் திரும்பிவிட்டன. வட்டுக் கட்டுப்பாடு ரெய்டு முறையிலிருந்து ஏஎச்சிஐ முறைக்கு மாறியிருந்தது. ஒரே சேமிப்பாக இயங்கிவந்த நான்கு வட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தன. தரவு அழியவில்லை. அந்த ஓர் அமைப்பைப் பழையபடி வைத்திருந்தால் எல்லாம் மீண்டிருக்கும். ஆனால் பழைய நிலை எதுவென எவரும் எழுதி வைத்திருக்கவில்லை. வட்டுகள் கெட்டுவிட்டன என்று எண்ணி இயக்குதளத்தை மறுபடி நிறுவினோம். வட்டுகளை அழித்து வடிவமைக்கலாமா என்ற வினாவுக்கு 'ஆம்' என்று அழுத்தியவன் நான். இளம் ஆய்வாளர் ஒருவரின் ஏழு மாதக் கணக்கீடுகள் அந்த நொடியில்தான் அழிந்தன.

இதைக் கேட்ட பேராசிரியர்கள் சிலர், "பயாஸ் பக்கமே போகக் கூடாது" என்றார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பேட்டரி தீரும், நினைவகம் கூட்டப்படும், பாதுகாப்புக் குறைகள் வெளிப்படும். 2018இல் இன்டெல் செயலிகளில் குறைகள் அடுத்தடுத்து வெளியானபோது, ஹைப்பர்த்ரெடிங்கை அணைக்கும் முடிவைப் பல இடங்களில் எடுக்க நேர்ந்தது. தொடாதிருத்தல் பாதுகாப்பு ஆகாது. பதிவின்றித் தொடுவதே ஆபத்து.

வேதியியல் ஆய்வகத்தில் ஒரு கரைசலின் செறிவை மாற்றிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதாமல் போவோமா? சர்வரில் மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம்? ஹைப்பர்த்ரெடிங், மின்சேமிப்பு, நினைவகப் பகிர்வு ஆகியவற்றில் எதை மாற்றினாலும் ஒரே நிரல் ஓடும் நேரம் மாறக்கூடும். ஆய்வேட்டில் வேக ஒப்பீட்டு அட்டவணை தருபவர், இடையில் யாரோ அமைப்பை மாற்றியதை அறியாவிட்டால், அந்த அட்டவணைக்கு என்ன மதிப்பு?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தொடுவதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுங்கள். காப்புநகல் இருக்கிறது என்பதோடு நில்லாமல், அதிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பாருங்கள். பயனர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஓடும் பணிகளை முடித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைக் கழற்றுங்கள். சர்வர்களில் பெரும்பாலும் இரண்டு இருக்கும், இரண்டையும் கழற்றுங்கள். நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காதிருக்க மணிக்கட்டுப் பட்டை அணியுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, இயக்கிப் பார்த்து, எழுதிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். அழிக்கலாமா என்று திரை கேட்டால், காரணம் புரியும்வரை 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். அந்த இரவு காத்திருந்தால் எங்களுக்கு எந்த இழப்பும் நேர்ந்திராது.

தவறு என்னுடையது, அதை மறைக்கவில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. சர்வர் வாங்க நிதி ஒதுக்கும் திட்டங்களில், அதைப் பேணுபவருக்கு ஊதியம் எங்கே? பெரும்பாலான துறைகளில் அந்த வேலை, லினக்ஸ் ஓரளவு தெரிந்த ஆய்வு மாணவரின் தலையில் விழுகிறது. பயிற்சி இல்லை, அதிகாரம் இல்லை. பிழை நேர்ந்தால் பழி மட்டும் உண்டு. அவர் பட்டம் பெற்றுப் போகும்போது அவர் அறிந்தவையும் அவருடனே போய்விடுகின்றன.

இப்போது எங்கள் சர்வர் அடுக்கின் பக்கத்தில் கயிறு கட்டிய குறிப்பேடு ஒன்று தொங்குகிறது. தேதி, மாற்றிய அமைப்பு, பழைய நிலை, புதிய நிலை, மாற்றியவர் பெயர், உடனிருந்தவர் பெயர். அதன் விலை நாற்பது ரூபாய். உங்கள் துறையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று நாளை காலை போய்ப் பாருங்கள்.