வாரம் ஒரு வார்த்தை: அட்வைஸ்

நான் தங்கியிருக்கிறது யாங்கோன் ஆத்தோரமா இருக்கிற அலோன். பேருதான் அலோன், ரூம்ல எப்பவும் நாலு பேரு :)

அதுல ஒரு தம்பி ஆபீசுக்கு எழுதின லெட்டரை நீட்டி, "அண்ணே, சரியா பாருங்க"ன்னான். கடைசி வரி 'ப்ளீஸ் அட்வைஸ்'. ஸ்பெல்லிங் தப்பு. நானும் அதே தப்பைப் பண்ணவன்தான்.

விஷயம் இதுதான். பெயர்ச்சொல்னா கடைசியில சி, ஈ. வினைச்சொல்னா எஸ், ஈ. அந்த எஸ் இசட் மாதிரி ஒலிக்கும். நமக்கு ஏன் குழம்புதுன்னா, தமிழ் எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான். போதாததுக்கு நாம எதோடயும் 'பண்ணு' சேர்த்துடுவோம். 'அட்வைஸ் பண்ணாதே'ன்னு சொல்லிட்டா அவங்க வினைச்சொல்லுக்கு வேலையே இல்லை. இன்னொண்ணு, பெயர்ச்சொல்லைப் பன்மையாக்கி 'அட்வைசஸ்'னு எழுதாதீங்க.

பொருள்தான் பெரிய சிக்கல். நம்ம ஊர்ல அட்வைஸ்னா பெருசுங்க ஓசியில தர்றது, இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுறது. அரசாங்கம் அந்த வினைச்சொல்லை எடுத்தா கதை வேற.

2024 பிப்ரவரி 6. ரக்கைன் மாநிலத்துக்குப் போக வேண்டாம், அங்க இருக்கிறவங்க உடனே வெளியேறணும்னு இந்திய வெளியுறவுத் துறை சொல்லுச்சு. பாதுகாப்பு மோசம், லேண்ட்லைன் உட்பட தொலைத்தொடர்பு பாதிப்பு, அத்தியாவசியப் பொருளுக்குக் கடும் தட்டுப்பாடுன்னு காரணமும் சொன்னாங்க. இத்தனைக்கும் இங்கிலீஷ்ல போட்ட வினைச்சொல் இதே அட்வைஸ்தான்!

கூடப் படிக்கிற ரக்கைன் பையனோட அவன் ஊர் சித்வேக்குப் போறதா எனக்கு ஒரு பிளான் இருந்துச்சு. அம்மா போன்ல அழுதாங்க. "அட்வைஸ்தானேம்மா, ஆர்டர் இல்லையே"ன்னேன். "அறிவுறுத்தியிருக்காங்கன்னு பேப்பர்ல போட்டிருக்குடா"ன்னாங்க.

அங்கதான் உறைச்சுது. அறிவுரை வேற, அறிவுறுத்தல் வேற. முதலாவதைக் கேட்கலாம், விடலாம். ரெண்டாவது, மீறினா நடக்கிறதுக்கு நீதான் பொறுப்புங்கிறதைப் பதமாச் சொல்றது. இங்கிலீஷ்காரன் ஒரே சொல்லுல அடைக்கிறதைத் தமிழ் பிரிச்சு வெச்சிருக்கு.

நான் போகலை. அந்தப் பையன் மட்டும் ராத்திரி முழுக்க வீட்டுக்கு போன் போட்டுப் பார்த்தான், லைனே கிடைக்கலை. வெளியேறச் சொன்னது எங்களை மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு. அவங்க அம்மாவுக்கு அது சொந்த ஊரு. அவங்களை யாரு, எங்க போகச் சொல்லி அட்வைஸ் பண்றது?

அடுத்த வாரம் 'சஜஸ்ட்'. வரட்டா?