குடித்ததால் செத்தார்கள் என்னும் கூற்று

உடல்நலக் கேடு ஒருவரின் ஒழுக்கக் கேட்டுக்குக் கிடைக்கும் தண்டனை என்ற எண்ணம், கற்றோர் கல்லாதோர் என்ற வேறுபாடின்றித் தமிழ்ச் சமூகத்தில் ஊறிக் கிடக்கிறது. 2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில் நச்சுச் சாராயத்துக்குப் பத்துக்கும் மேற்பட்டோர் பலியாகி, அவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயை அரசு அறிவித்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்ற கேள்வியாக அவ்வெண்ணம் எங்கும் ஒலித்தது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அதே கேள்வி எழுந்தது. மருத்துவ நோக்கிலும் அற நோக்கிலும் அக்கேள்வி பிழையானது.

மதுக்கடைகளில் விற்கப்படும் மதுவில் இருப்பது எத்தனால். எக்கியார்குப்பத்தில் உயிர் குடித்ததோ ஆலைகளில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் பயன்படும் மெத்தனால். உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது; அந்த அமிலம் இரத்தத்தைப் புளிக்கச் செய்து, பார்வை நரம்பைக் கருக்கி, மூச்சையும் இதயத்தையும் நிறுத்துகிறது. இம்மாற்றம் நிகழப் பல மணி நேரம் ஆகும் என்பதால், குடித்தவர் அரை நாளோ ஒரு நாளோ இயல்பாக நடமாடிய பிறகே வயிற்று வலியும் கண் மங்கலும் தொடங்குகின்றன. கல்லீரலின் அவ்வேலையைத் தடுக்கும் ஃபோமெபிசோல் மருந்தோ, அது இல்லாதபோது அளவறிந்து செலுத்தப்படும் எத்தனாலோ, அமிலத்தைத் தணிக்கும் சோடியம் பைகார்பனேட்டோடும் நஞ்சை வெளியேற்றும் டயாலிசிஸோடும் உரிய நேரத்தில் கிடைத்தால் பலர் பிழைப்பார்கள். ஆகவே இங்கே உயிரை நிர்ணயிப்பவை குடித்தவரின் குணநலன் அல்ல, கடந்துபோன மணிகளும் மருத்துவமனைக்கு உள்ள தொலைவுமே.

குடிப்பழக்கம் எல்லா வகுப்பாரிடமும் உண்டு. அரசு மதுக்கடையில் கால் புட்டியின் விலை நூறு ரூபாயைத் தாண்டும். கள்ளச்சாராயப் பொட்டலம் அதில் பாதிக்கும் குறைவு. வசதியுள்ளவர் ஆய்வகச் சோதனைக்கு உட்பட்ட மதுவை நாள்தோறும் அருந்தி, கல்லீரல் கெட்டாலும் பல ஆண்டுகள் வாழ்கிறார். வலை இழுத்த அலுப்புத் தீரப் பொட்டலம் வாங்கியவர் மறுநாளே பிணமாகிறார். பழக்கம் இருவருக்கும் பொதுவாக இருக்க, சாவு மட்டும் குப்பத்துக்கும் சேரிக்கும் உரியதாகும்போது, காரணத்தைப் பொதுவானதில் தேடாமல் வேறுபட்டதில் தேடுவதே அறிவியல் முறை. பிறப்பு, கூலி, குடியிருப்பு, கல்வி போன்ற வாழ்நிலைகளே நோயின் பங்கீட்டைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதை, மைக்கேல் மார்மட் தலைமையிலான உலகச் சுகாதார நிறுவன ஆணையம் 2008இல் விரிவாக எடுத்துரைத்தது. இவற்றைச் சமூக நிர்ணயக் காரணிகள் என்பர். குடி தீங்கு என்பதில் ஐயமில்லை. அத்தீங்குக்குக் குடித்தவரே முழுப் பொறுப்பு என்போர், ஆலையிலிருந்து மெத்தனாலைக் கடத்தியவரையும் அதைக் கண்டும் காணாதிருந்தவரையும் தப்பவிடுகிறார்கள்.

மரக்காணத்திலிருந்து முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கள்ளச்சாராயம் குற்றம் என்பதால் வழக்குக்கு அஞ்சி உண்மையை மறைத்து வீட்டிலேயே படுத்திருப்பவருக்கு அத்தொலைவு இன்னும் நீள்கிறது. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிட்டுகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டூடர் ஹார்ட் 1971இல் வகுத்துரைத்த தலைகீழ்ப் பராமரிப்பு விதிக்கு இக்கடற்கரை நேரடிச் சான்று.

பாம்புக்கடி போல, குடியைச் சுட்ட முடியாத இடத்தில் அறியாமை என்ற பழி வந்து அமர்கிறது. திண்டிவனம் வட்டாரத்து இருளர் பழங்குடியினர் பலர் முன்பணக் கடனுக்காகச் செங்கல் சூளைகளில் குடும்பத்தோடு தங்கி உழைப்பவர்கள். பட்டா இல்லாத குடிசையில் தரையில் படுத்துறங்குவோரைத்தான் கட்டுவிரியன் இரவில் கடிக்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்தே நாட்டின் பாம்புக்கடி முறிமருந்து பெரிதும் தயாராகிறது. நாட்டுக்கே மருந்தின் மூலப்பொருளைத் தரும் அறிவுடைய இனத்தை அறியாதவர் என்பது பெரும் அநீதி. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இல்லாதவருக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டக் கதவு திறப்பதில்லை. கோட்டாட்சியர் தர வேண்டிய பழங்குடிச் சான்றுக்கே இம்மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்ததால்தான், திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அதை ஓர் உரிமைப் போராட்டமாகவே நடத்த வேண்டியிருந்தது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடுவரை மாத்திரை கொண்டுசெல்லும் நல்ல முயற்சி. சூளைக்கும் குப்பத்துக்கும் சென்றால்தான் அதன் பெயர் மெய்யாகும். மெத்தனால் முறிமருந்தும் டயாலிசிஸும் திண்டிவனத்தில் எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிகிச்சைக்கு வருவோர் மீது வழக்கில்லை என்ற உறுதியை அரசு ஊர்தோறும் அறிவிக்க வேண்டும். அவசரப் பிரிவில் நிற்பவர்கள், ஏன் குடித்தாய் என்ற கேள்வியை விட்டு, எப்போது குடித்தாய் என்று கேட்கட்டும். உயிர் காக்கத் தேவையான விடை அதில்தான் இருக்கிறது.